சிறு நகரத்தில் நகரமைப்பு, போக்குவரத்துத் திட்டமிடல் வேலை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நகரமைப்புப் படிப்பில் சேரலாமா என்று யோசிப்பவர்கள், படித்து முடித்து எங்கே போவது என்று தெரியாதவர்கள், சிவில் படித்துவிட்டு இந்தப் பக்கம் வரத் தயங்குபவர்கள் என எல்லாரும் சுற்றிச் சுற்றி ஒரே கேள்விகளைத்தான் கேட்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்வதற்குப் பதில் ஓரிடத்தில் எழுதி வைக்கிறேன். சிறு நகரம் என்று நான் சொல்வது சுமார் 50,000 பேரிலிருந்து இரண்டு மூன்று லட்சம் பேர் வரை வசிக்கும் ஊரை. திட்டமிடல் பிரிவில் மொத்தமே ஓரிருவர்தான் இருக்கும் ஊர் என்று வைத்துக்கொண்டாலும் சரிதான்.

நகரமைப்பாளர்னா என்ன செய்வாங்க? ரோடு போடுறது இன்ஜினியர் வேலைதானே?

ரோடு போடுவது பொறியாளர் வேலைதான். அந்த ரோடு எங்கே வர வேண்டும், எவ்வளவு அகலம் வேண்டும், இரு பக்கமும் என்ன கட்டலாம், அதில் யார் எப்படிப் போவார்கள், அதற்கான நிலத்தை இப்போதே எப்படிக் காப்பாற்றி வைப்பது என்பதெல்லாம் நகரமைப்பாளர் வேலை. ரோட்டில் பள்ளம் விழுந்தால் பொறியாளரைத் திட்டுவார்கள். பள்ளிக்கூடத்தை நெடுஞ்சாலை ஓரத்தில் கட்ட விட்டது யார் என்று கேட்கும்போது நம்மைத் திட்டுவார்கள்.

பத்து இருபது ஆண்டுகளை மனதில் வைத்துப் போடும் முழுமைத் திட்டம் ஒரு பக்கம். மனைப் பிரிவு, கட்டட அனுமதி, நிலப் பயன்பாட்டு மாற்றம் என்று தினமும் மேஜைக்கு வரும் விண்ணப்பங்கள் இன்னொரு பக்கம். ஏற்கெனவே இருக்கும் சந்திப்பு, நடைபாதை, பஸ் நிறுத்தம் ஆகியவற்றைச் சரிசெய்வதும் உண்டு. நேரத்தை அதிகம் தின்பது விண்ணப்பங்கள்தான். ஊர் எப்படி ஆகப்போகிறது என்பதை அதிகம் தீர்மானிப்பதும் அவைதான்.

நகரத் திட்டமிடல் வேற, போக்குவரத்துத் திட்டமிடல் வேறயா? எதுல சேரணும்?

படிப்பில் வேறு வேறு. பெரிய நகரங்களில் இரண்டும் வேறு வேறு கட்டடத்தில்கூட இருக்கும். சிறு நகரத்தில் ஒரே மேஜை.

அது நல்லதுதான் என்பேன். போக்குவரத்து தானாக முளைப்பதில்லை. ஊர் நடுவில் இருந்த அரசு அலுவலகங்களை, இடம் போதவில்லை என்று ஆறு கிலோமீட்டர் தள்ளி ஒரு வளாகத்துக்கு மாற்றினால், நேற்று வரை நடந்து வந்து மனு கொடுத்தவர்கள் நாளை முதல் ஏதாவது ஒரு வண்டியில்தான் போயாக வேண்டும். முடிவு எடுத்தது நிலத்தைப் பற்றி. நெரிசல் வருவது சாலையில். இரண்டையும் ஒரே ஆள் பார்த்தால், அனுமதி கொடுக்கும்போதே இதனால் எத்தனை பேர், எந்த நேரத்தில், எதில் வருவார்கள் என்று மனதுக்குள் ஓடும். அதனால் எதில் சேர்ந்தாலும் மற்றதில் இரண்டு மூன்று பாடங்களையாவது எடுத்துக்கொள்ளுங்கள்.

என்ன படிக்கணும்? சிவில் படிச்சாத்தான் உண்டா?

அப்படி இல்லை. முதல் பட்டம் கட்டடக்கலை, சிவில், புவியியல், பொருளியல், சமூகவியல் என்று எதுவாகவும் இருக்கலாம். அதற்கு மேல் திட்டமிடலில் முதுநிலைப் பட்டம், பெரும்பாலும் இரண்டு ஆண்டு. இளநிலையிலேயே திட்டமிடல் படிப்பவர்களும் உண்டு. அரசுப் பணிக்கு எந்தப் பட்டத்தை ஏற்பார்கள் என்பது நாட்டுக்கு நாடு மாறும். கல்லூரியில் பணம் கட்டுவதற்கு முன் அந்தப் பணி விதிகளைப் படித்துவிடுங்கள். ரொம்பப் பேர் பட்டம் வாங்கிய பிறகுதான் படிக்கிறார்கள்.

புவியியல் படித்தவர்கள் வரைபடத்தைச் சீக்கிரம் சந்தேகப்படுகிறார்கள். சிவில் படித்தவர்கள் சரிவையும் வடிகாலையும் மறக்க மாட்டார்கள். பொருளியல் படித்தவர்கள் இதற்குப் பணம் யார் தருவது என்று முதல் கூட்டத்திலேயே கேட்டுவிடுவார்கள். மூன்றும் வேண்டும். உங்களிடம் இல்லாததைப் பக்கத்து இருக்கைக்காரரிடம் கற்றுக்கொள்ளலாம்.

கணக்கு எனக்கு வராது. சரிப்பட்டு வருமா?

சரிப்பட்டு வரும். கூட்டல், பெருக்கல், சதவீதம், அப்புறம் கொஞ்சம் புள்ளியியல் இருந்தால் அன்றாட வேலை ஓடிவிடும். உதாரணத்துக்கு, ஒரு சாலையில் வண்டிகள் எவ்வளவு வேகமாகப் போகின்றன என்று சொல்லச் சராசரி போதாது. நூறு வண்டிகளின் வேகத்தை அளந்து, குறைந்ததிலிருந்து வரிசைப்படுத்தி, 85-வது வண்டியின் வேகத்தைப் பார்ப்போம். நூற்றில் 85 பேர் அந்த வேகத்திலோ அதற்குக் கீழேயோ போகிறார்கள் என்று அர்த்தம். வேக வரம்புப் பலகை 40 என்கிறது, 85-வது வண்டி 58-ல் போகிறது என்றால், ஓட்டுகிறவர்களை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. அந்தச் சாலையே வேகமாகப் போகச் சொல்லும் அகலத்தில் இருக்கிறது.

என்னென்ன சாஃப்ட்வேர் கத்துக்கணும்?

எக்செல். இது விளையாட்டுக்குச் சொல்வதில்லை, சிறு நகரத் திட்டமிடலில் பாதி எக்செல்லில்தான் நடக்கிறது. அடுத்து ஜிஐஎஸ், அதாவது வரைபடத்தையும் அதில் உள்ள இடங்களைப் பற்றிய தகவலையும் சேர்த்துக் கையாளும் மென்பொருள். அதில் க்யூஜிஐஎஸ் இலவசம், எந்த நகராட்சியும் அதற்கு டெண்டர் விட வேண்டியதில்லை. ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் என்ற இலவச இணைய வரைபடத்திலிருந்து சாலைகளை இறக்கி, வார்டு எல்லைகளை அதன் மேல் போட்டு, பள்ளிகளிலிருந்து 400 மீட்டர் நடை தூரத்தில் எத்தனை வீடுகள் என்று எடுக்கத் தெரிந்தால் வேலைக்குச் சேரும் அளவுக்குத் தேறிவிட்டீர்கள். ஆட்டோகேட் என்ற வரைகலை மென்பொருளில் போட்ட வரைபடத்தைத் திறந்து படிக்கத் தெரிந்தால் போதும், வரைய ஆள் இருப்பார்கள்.

சின்ன ஊர்ல சேர்ந்தா வளர முடியாதாமே? பெரிய சிட்டிக்குப் போறதுதான் நல்லதா?

பதவி உயர்வு என்று கேட்டால், ஆமாம், படிகள் குறைவு. உங்களுக்கு மேலே ஒருவர், அவர் ஓய்வு பெறும் வரை அங்கேயே இருப்பார்.

வேலை கற்றுக்கொள்வது என்று கேட்டால் நிலைமை தலைகீழ். பெரிய நகரத்தில் சேர்ந்தவர் முதல் சில ஆண்டுகள் ஒரு வழித்தட அறிக்கையின் ஒரு அத்தியாயத்தைத்தான் எழுதிக்கொண்டிருப்பார். சிறு நகரத்தில் சேர்ந்தவர் அதே காலத்தில் ஒரு மனைப் பிரிவுக்கு அனுமதி மறுத்திருப்பார், ஒரு பஸ் வழித்தடத்தை மாற்றியிருப்பார், கவுன்சில் கூட்டத்தில் பதில் சொல்லித் திணறியிருப்பார், ஒரு நடைபாதை கட்டி முடிந்து மக்கள் அதில் நடப்பதையும் பார்த்திருப்பார். என் கருத்தைக் கேட்டால், முதல் வேலை சிறு நகரத்தில் இருக்கட்டும். பிறகு எங்கே வேண்டுமானாலும் போங்கள்.

ஊரே சின்னது. அதுல திட்டமிட என்ன இருக்கு?

திட்டமிடலில் உலகம் பேசும் சில மாற்றங்கள் நடந்தது இந்த மாதிரி ஊர்களில்தான். நெதர்லாந்தின் குரோனிங்கன் அப்போது இரண்டு லட்சம் பேர்கூட இல்லாத ஊர். 1977-ல் அங்கே நகர மையத்தை நான்கு பகுதிகளாகப் பிரித்து, ஒரு பகுதியிலிருந்து இன்னொன்றுக்குக் கார் நேரே போக முடியாதபடி செய்தார்கள். சுற்றுச்சாலைக்கு வந்துதான் போக வேண்டும். சைக்கிளும் நடையும் நேரே போகலாம். செலவில் பெரும்பகுதி பலகைகளும் தடுப்புகளும்தான். கடைக்காரர்கள் கடுமையாக எதிர்த்தார்கள். இன்று அது உலகின் முக்கியமான சைக்கிள் நகரங்களில் ஒன்று.

ஸ்பெயினின் பொன்டவேத்ராவில் சுமார் 83,000 பேர்தான். 1999-லிருந்து மையப் பகுதியைப் படிப்படியாக நடப்பவர்களுக்குக் கொடுத்தார்கள். அங்கே எனக்குப் பிடித்தது ஒரு சாதாரண வரைபடம். மெட்ரோ ரயில் வரைபடம் மாதிரியே இருக்கும். ஆனால் கோடுகள் எல்லாம் நடைபாதைகள், ஒவ்வொன்றின் மேலும் நடக்க ஆகும் நிமிடங்கள். காரை எடுக்கும் தூரம் என்று நினைத்த இடம் எட்டு நிமிட நடை என்று தெரிந்தால் நடந்துவிடுவார்கள். சிறு நகரத்தின் பலம் அதுதான், எல்லாமே பக்கம்.

ஒரு சந்திப்புல எப்பவும் நெரிசல்னு புகார் வருது. நீங்க முதல்ல என்ன செய்வீங்க?

போய் நிற்பேன். காலை நெரிசல் நேரம், மாலை நெரிசல் நேரம், பள்ளி விடும் நேரம். நாற்சந்தியில் ஒவ்வொரு பக்கமிருந்தும் நேரே, இடம், வலம் என்று மூன்று போக்கு, ஆக மொத்தம் பன்னிரண்டு. ஒவ்வொன்றையும் 15 நிமிடக் கூறுகளாக எண்ண வேண்டும். வண்டி வகை பிரித்து எண்ண வேண்டும். பஸ் ஒன்று இரண்டு மூன்று கார்களுக்குச் சமமான இடத்தை அடைக்கும், இரு சக்கர வண்டி ஒரு காரில் பாதிகூட அடைக்காது. சாலையைக் கடப்பவர்களைத் தனியாக எண்ண வேண்டும். பெரும்பாலான படிவங்களில் அதற்குக் கட்டமே இருக்காது. ஓரத்தில் நீங்களே ஒரு கட்டம் போட்டுக்கொள்ளுங்கள்.

எண்ணும்போதே கண்ணில் படுபவை அறிக்கையை மாற்றிவிடும். திருப்பத்திலிருந்து பதினைந்து மீட்டரில் பஸ் நிற்கிறது. அது கிளம்பும் வரை பின்னால் வரும் எல்லாம் நிற்கும். மூலையில் நிறுத்திய சரக்கு வண்டி மறைப்பதால், குறுக்குத் தெருவிலிருந்து வருபவர் முன்சக்கரத்தைச் சாலைக்குள் நீட்டித்தான் எட்டிப் பார்க்கிறார். வடிகால் மூடி உடைந்த இடத்தில் நடப்பவர்கள் எல்லாரும் சாலையில் இறங்குகிறார்கள். இந்த மூன்றையும் சரிசெய்ய மேம்பாலம் வேண்டாம். நிறுத்தத்தைச் சந்திப்பைத் தாண்டித் தள்ளி வைக்க வேண்டும், மூலையில் வண்டி நிறுத்தாமல் பார்க்க வேண்டும், ஒரு மூடி போட வேண்டும்.

நெரிசல்னா ரோட்டை அகலப்படுத்திட்டா முடிஞ்சுதே?

அடைப்பு எங்கே இருக்கிறது என்று முதலில் பாருங்கள். ஊருக்குள் ஒரு சாலையில் எத்தனை வண்டி போக முடியும் என்பதைச் சந்திப்புதான் தீர்மானிக்கிறது. ஒரு தடத்துக்கு (லேன்) தொடர்ந்து பச்சை விளக்கு எரிந்தால் மணிக்குச் சுமார் 1,800 கார்கள் போகலாம். பச்சை பாதி நேரம்தான் என்றால் 900. நடுவில் சாலையை இரண்டு மடங்கு அகலமாக்கினாலும், சந்திப்பில் அதே 900-தான் வெளியே வரும். வரிசை இன்னும் அகலமாக நிற்கும், அவ்வளவுதான்.

இன்னொன்று, அகலமான சாலை புதிய பயணங்களை வரவழைக்கும். முன்பு நேரம் மாற்றிப் போனவர்கள், வேறு வழியில் போனவர்கள், நடந்தவர்கள் எல்லாம் இங்கே திரும்புவார்கள். இதன் மறுபக்கத்தையும் பார்த்திருக்கிறார்கள். தென்கொரியாவின் சோல் நகரில் சோங்கேசோன் ஓடையின் மேலிருந்த உயர்த்தப்பட்ட விரைவுச்சாலையை 2003-ல் இடிக்கத் தொடங்கி, 2005-ல் ஓடையைத் திறந்துவிட்டார்கள். ஊரே முடங்கும் என்றார்கள், முடங்கவில்லை. கூடுதல் சாலை ஒன்று எல்லாருடைய பயண நேரத்தையும் கூட்டிவிட முடியும் என்று ஜெர்மன் கணிதவியலாளர் டீட்ரிக் பிராஸ் 1968-லேயே காகிதத்தில் காட்டியிருக்கிறார். இதற்காக அகலப்படுத்துவதே கூடாது என்று சொல்லவில்லை. இரண்டு பஸ்கள் எதிரெதிரே ஒதுங்க முடியாத சாலையை அகலப்படுத்தத்தான் வேண்டும்.

பைபாஸ் போட்டா ஊருக்குள்ள வண்டி குறைஞ்சிடும்ல?

எவ்வளவு வண்டி ஊரை வெறுமனே கடந்து போகிறது என்பதைப் பொறுத்தது. அதைக் கண்டுபிடிக்கப் பழைய வழி ஒன்று இருக்கிறது. ஊரின் ஒவ்வொரு நுழைவாயிலிலும் ஆள் நிறுத்தி, வரும் போகும் வண்டிகளின் எண்ணையும் நேரத்தையும் குறித்துக்கொள்ள வேண்டும். கிழக்கே நுழைந்த எண் அரை மணி நேரத்துக்குள் மேற்கே வெளியேறினால் அது கடந்து போகும் வண்டி. நுழைந்தது வெளியே வரவே இல்லை என்றால் அதற்கு ஊருக்குள் வேலை இருக்கிறது, பைபாஸ் அதை இழுக்காது. ஊர் பெரிதாகப் பெரிதாக இரண்டாம் வகைதான் கூடும்.

ஆனால் லாரிகள் வெளியே போவதே பெரிய நன்மை. சாலைக்கு வரும் சேதம் அச்சுப் பாரத்தின் (வண்டியின் ஓர் அச்சு தாங்கும் எடை) நான்காம் அடுக்கைப் பொறுத்துக் கூடும் என்று 1950-களின் இறுதியில் அமெரிக்காவில் நடந்த பெரிய சாலைச் சோதனை காட்டியது. பாரம் இரண்டு மடங்கானால் சேதம் ஏறக்குறைய பதினாறு மடங்கு. பைபாஸ் திறந்த நாளிலிருந்து நீங்கள் காவல் காக்க வேண்டியது அதன் இரு ஓரங்களையும். ஒவ்வொரு மனைக்கும் நேரடி வாசல் கொடுத்துக்கொண்டே போனால், பத்தாண்டில் அந்தப் பைபாஸுக்கு ஒரு பைபாஸ் கேட்பார்கள்.

சிக்னல் வைக்கணுமா, ரவுண்டானா வைக்கணுமா?

இடம் இருந்தால், வண்டிகளின் எண்ணிக்கை நடுத்தரமாக இருந்தால், ரவுண்டானா. சாதாரண நாற்சந்தியில் வண்டிகளின் பாதைகள் மோதிக்கொள்ளக்கூடிய புள்ளிகள் 32. ஒற்றைத் தட ரவுண்டானாவில் 8. நேருக்கு நேர் மோதலும் பக்கவாட்டு மோதலும் பெரும்பாலும் இல்லாமல் போய்விடும், மிஞ்சுவது குறைந்த வேக உரசல்கள். அமெரிக்காவின் கார்மெல் என்ற சிறு நகரம் 1990-களிலிருந்து 150-க்கு மேல் கட்டியிருக்கிறது.

இரண்டு நிபந்தனை. உள்ளே சுற்றிக்கொண்டிருப்பவருக்கே முன்னுரிமை, நுழைபவர் நிற்க வேண்டும். இந்த விதியை ஊர் பின்பற்றாவிட்டால் ரவுண்டானா பூட்டிக்கொள்ளும். அடுத்து, நடு வட்டம் பெரிதாக வேண்டும் என்று சிலை, நீரூற்று எல்லாம் கேட்பார்கள். வட்டம் பெரிதாகப் பெரிதாக வேகம் கூடும், கடப்பவர்கள் சுற்றி நடக்க வேண்டிய தூரமும் கூடும்.

நடக்கிறவங்க பாதுகாப்புக்கு உண்மையிலேயே எது வேலை செய்யும்? பலகை, விழிப்புணர்வு வாரம்?

வேகத்தைக் குறைப்பது. மற்றதெல்லாம் அதற்குப் பிறகு. மணிக்கு 50 கிலோமீட்டரில் போகும் கார் நொடிக்குக் கிட்டத்தட்ட 14 மீட்டர் நகர்கிறது. ஆபத்தைப் பார்த்துக் கால் பிரேக்குக்குப் போக ஒன்றரை நொடி என்று வைத்தால், பிரேக் பிடிக்கும் முன்பே 21 மீட்டர் போய்விடும். 30-ல் போகும் கார் அந்த நேரத்தில் 12 மீட்டர்தான் போகும், அடுத்த ஐந்து ஆறு மீட்டரில் நின்றேவிடும். 20 மீட்டர் முன்னால் ஒரு குழந்தை பந்தைத் துரத்திக்கொண்டு சாலைக்கு வந்தால், 30-ல் வந்தவர் நின்றிருப்பார். 50-ல் வந்தவர் வேகம் குறையாமலே மோதியிருப்பார்.

அதனால் 30-ல் போகத் தோன்றும்படி சாலையை அமைப்பதுதான் வேலை. தடத்தைக் குறுக்குவது, கடக்கும் இடத்தை உயர்த்துவது, திருப்பத்தின் வளைவைச் சிறிதாக்குவது. மனிதர்கள் தவறு செய்வார்கள், அந்தத் தவறு உயிரைப் பறிக்காதபடி சாலை இருக்க வேண்டும் என்பதை ஸ்வீடன் நாடாளுமன்றம் 1997-ல் கொள்கையாகவே ஏற்றது. அமெரிக்காவின் ஹோபோக்கன் சுமார் 60,000 பேர் உள்ள நெருக்கமான ஊர். மூலைகளில் வண்டி நிறுத்தத்தை எடுத்து, கடப்பவரும் ஓட்டுபவரும் ஒருவரை ஒருவர் பார்க்கும்படி செய்ததை விடாமல் தெருத் தெருவாகச் செய்தார்கள். தொடர்ந்து பல ஆண்டுகள் அங்கே சாலை விபத்தில் ஒருவர்கூட இறக்கவில்லை. சந்திப்புக் கேள்வியில் சொன்ன சரக்கு வண்டி நினைவிருக்கிறதா? அதேதான்.

பார்க்கிங்கை எடுத்தா வியாபாரம் படுத்துடும்னு கடைக்காரங்க சொல்றாங்களே, உண்மையா?

பயம் உண்மை. அதை அலட்சியப்படுத்தாமல் எண்ணிக் காட்டுங்கள். ஒரு தெருவில் அரை மணிக்கு ஒரு முறை நடந்து, நிற்கும் ஒவ்வொரு வண்டியின் எண்ணையும் குறியுங்கள். காலை ஒன்பதுக்கு நின்ற அதே வண்டி மாலை ஆறுக்கும் நிற்பது தெரியும். அவற்றில் நிறைய அதே தெருக் கடைக்காரர்களுடையவையும் ஊழியர்களுடையவையுமாக இருக்கும். ஒரு வண்டி நாள் முழுக்க நின்ற இடத்தில் மணிக்கு ஒருவராக ஒன்பது வாடிக்கையாளர் வந்து போயிருக்கலாம். இந்தப் பட்டியலை வைத்துப் பேசினால் பேச்சின் தொனியே மாறும்.

நூறு இடத்தில் எண்பத்தைந்து நிரம்பி, பதினைந்து காலியாக இருக்கும் அளவுக்கு நேர வரம்போ கட்டணமோ வைப்பது நடைமுறையில் ஒத்துவருகிறது. எப்போதும் ஒன்றிரண்டு இடம் காலியாகக் கிடைத்தால், இடம் தேடிச் சுற்றும் வண்டிகள் குறையும்.

சின்ன ஊருக்கு டவுன் பஸ் ஓடுமா? காலியாத்தானே சுத்தும்?

அடிக்கடி வராவிட்டால் காலியாகத்தான் சுற்றும். கணக்கு எளிது. ஒரு வழித்தடத்தைச் சுற்றி வர, ஓட்டுநர் ஓய்வு உட்பட, 60 நிமிடம் ஆகிறது. 15 நிமிடத்துக்கு ஒரு பஸ் வேண்டுமென்றால் 60-ஐ 15-ஆல் வகுத்து நான்கு பஸ். ஊரில் இருப்பதே நான்கு பஸ் என்றால், ஒரு தடத்தில் நான்கையும் விடலாம், அல்லது நான்கு தடத்தில் ஒவ்வொன்று விடலாம். முதலாவதில் சராசரிக் காத்திருப்பு ஏழு எட்டு நிமிடம். இரண்டாவதில் அரை மணி, ஆனால் எல்லா வார்டுக்கும் பஸ் உண்டு.

அரசியல் எப்போதும் இரண்டாவதைத்தான் கேட்கும். எல்லா வார்டிலும் ஓட்டு இருக்கிறது. நிரம்புவது முதலாவது. எது வேண்டும் என்பதை மன்றம்தான் முடிவு செய்ய வேண்டும். ஆனால் இரண்டும் ஒரே செலவில் கிடைக்காது என்பதைத் தாளில் காட்டுவது உங்கள் கடமை. இலவசமாக்கினால் போதுமே என்பார்கள். பெல்ஜியத்தின் ஹாசெல்ட் 1997-ல் இலவசமாக்கி 2013-ல் மறுபடி கட்டணத்துக்குத் திரும்பியது. பிரான்ஸின் டன்கிர்க் 2018-ல் இலவசமாக்கியபோது வழித்தடங்களையும் சேர்த்தே மாற்றி அமைத்தது. கட்டணமும் சேவையும் சேர்ந்த முடிவு அது.

இருபது வருஷம் கழிச்சு ஊர் எப்படி இருக்கும்னு எப்படிக் கணிக்கிறீங்க?

பெரிய நகரத்தில் மக்கள்தொகைக் கோட்டை நீட்டினால் ஓரளவு சரியாக வரும். சிறு நகரத்தில் ஒரே ஒரு ஆலை வந்தாலோ, இருந்தது மூடினாலோ கோடு உடைந்துவிடும். அதனால் ஒரே எண்ணைச் சொல்லாமல் குறைந்த வளர்ச்சி, நடுத்தரம், அதிகம் என்று மூன்று நிலை போடுவோம். மூன்றிலும் தேவைப்படும் வேலையை முதலில் செய்வோம்.

எண் தவறினாலும் தாங்குவது சாலைக்கான இடம். 1859-ல் பார்சிலோனாவின் விரிவாக்கத்துக்கு அனுமதி கிடைத்த திட்டத்தில் இல்டெஃபோன்ஸ் செர்தா பொதுவான தெருக்களுக்கு 20 மீட்டர் அகலம் வைத்தார், ஒவ்வொரு சந்திப்பின் மூலையையும் வெட்டிச் சாய்த்தார். கார் அப்போது இல்லை. பிறகு கார் வந்தது, அந்த இடத்தில் ஓடியது. இப்போது அதே இடத்தில் சில தெருக்களைக் காரிடமிருந்து எடுத்து மரமும் இருக்கையும் போடுகிறார்கள். மனைப் பிரிவு விண்ணப்பம் வரும்போது இரண்டு மீட்டரை விட்டுக்கொடுத்தால் பின்னால் யாராலும் திரும்ப வாங்க முடியாது. முதல் கேள்வியில் விண்ணப்பங்கள்தான் ஊரைத் தீர்மானிக்கின்றன என்றது இதனால்தான்.

பெரிய டிராஃபிக் மாடல் இல்லாம திட்டம் போட்டா ஒத்துக்குவாங்களா?

எத்தனை பயணம் பிறக்கிறது, எங்கிருந்து எங்கே, எதில், எந்தச் சாலையில் என்ற நான்கு கட்ட மாடல் 1950-களில் டெட்ராய்ட், சிகாகோ போன்ற பெருநகர ஆய்வுகளில் உருவானது. வீடு வீடாகப் பயண ஆய்வு நடத்தாமல் அதற்குத் தீனி போட முடியாது. ஒரு லட்சம் பேர் உள்ள ஊருக்கு, சந்திப்பு எண்ணிக்கைகள், பைபாஸ் கேள்வியில் சொன்ன எண் பலகை ஆய்வு, நல்ல நிலப் பயன்பாட்டு வரைபடம் மூன்றும் இருந்தால் முக்கால்வாசிக் கேள்விக்கு விடை வரும். யாராவது மாடலை விற்க வந்தால், அதில் நடை இருக்கிறதா என்று மட்டும் கேளுங்கள்.

ஒரு அறிக்கையில சந்திப்புக்கு 'எஃப்' கிரேடுன்னு போட்டிருக்கு. அப்ப உடனே மேம்பாலம் தேவைதானே?

'ஏ' முதல் 'எஃப்' வரையான அந்தத் தரவரிசை அமெரிக்காவில் 1960-களில் வந்தது. சந்திப்பில் அது சொல்வது, ஒரு வண்டி சராசரியாக எவ்வளவு நேரம் காத்திருக்கிறது என்பதை. பள்ளி விடும் இருபது நிமிடம் மட்டும் 'எஃப்', மற்ற நேரம் முழுக்க 'பி' என்றால், அந்த இருபது நிமிடத்துக்காக ஒரு மேம்பாலத்தை ஐம்பது ஆண்டு சுமக்கலாமா? எத்தனை மணி நேரம் 'எஃப்' என்று கேளுங்கள். கடப்பவர்களின் காத்திருப்பைச் சேர்த்தார்களா என்றும் கேளுங்கள்.

அரசியல் தலையீடு அதிகமா இருக்குமே, சமாளிக்க முடியுமா?

தேர்ந்தெடுக்கப்பட்டவர் முடிவெடுப்பது தலையீடு இல்லை, அது அவர் வேலை. நாம் தெரிவுகளையும் விளைவுகளையும் வைக்கிறோம், அவர் தேர்ந்தெடுக்கிறார். இதை மனதார ஏற்காதவர்கள் இந்த வேலையில் சீக்கிரம் கசந்துபோகிறார்கள்.

விதியை மீறச் சொல்வது வேறு விஷயம். அதற்கு ஒரே வழி, எழுத்து. வாய்மொழியாக வந்த உத்தரவைக் கோப்பில் 'இன்று இவ்வாறு அறிவுறுத்தப்பட்டது, விதி இவ்வாறு உள்ளது, என் பரிந்துரை இது' என்று மூன்று வரியில் எழுதி மேலே அனுப்புங்கள். குரலை உயர்த்தத் தேவையில்லை. கோப்பில் ஏறிய பிறகு பல உத்தரவுகள் தாமாகவே மறைந்துவிடும். மறையாதவற்றின் கீழே கையெழுத்துப் போட்டவர் யார் என்பதாவது தெரியும்.

பொதுக் கூட்டம் வச்சா சத்தம் போடுறவங்க பேச்சுதானே எடுபடுது?

மேடையும் ஒலிபெருக்கியும் வைத்தால் அப்படித்தான். மேடையை எடுத்துவிட்டு, பெரிய வரைபடத்தை மேஜையில் விரித்து, பேனா கொடுங்கள். மாலை ஏழு மணிக் கூட்டத்துக்கு வராதவர்கள் யார் என்று யோசித்து அவர்கள் இருக்கும் இடத்துக்குப் போங்கள், பஸ் நிறுத்தம், பள்ளி வாசல், மருத்துவமனைக் காத்திருப்பு அறை. எந்த இடத்தில் கடக்கப் பயமாக இருக்கிறது என்று பத்து வயதுப் பிள்ளைகளிடம் கேட்டால் துல்லியமாகக் காட்டுவார்கள். அவர்களுக்கு எந்தப் பகுதியில் எதைக் கட்டலாம் என்ற மண்டல விதி எதுவும் தெரியாது, அதனால் சுற்றி வளைக்க மாட்டார்கள்.

நகராட்சி வேலையா, தனியார் கன்சல்டன்சியா? சம்பளம் எது பரவாயில்லை?

பெரும்பாலும் கன்சல்டன்சியில் கூடுதல், ராத்திரிகளும் கூடுதல். பல ஊர்களைப் பார்க்கலாம், அறிக்கை எழுதும் கை பழகும். ஆனால் அறிக்கையைக் கொடுத்துவிட்டு அடுத்த ஊருக்குப் போய்விடுவீர்கள். நகராட்சியில் அந்த அறிக்கையோடு வாழ வேண்டும். இரண்டையும் பார்த்தவர்கள்தான் நல்ல வேலைவிவரக் குறிப்பு எழுதுகிறார்கள். ஆலோசகரிடம் என்ன கேட்க வேண்டும் என்பது அவர்களுக்குத்தான் தெரியும்.

இன்டர்வியூவுக்கு என்ன எடுத்துட்டுப் போகலாம்? அனுபவமே இல்லையே.

உங்கள் வீட்டுக்குப் பக்கத்துச் சந்திப்பு ஒன்றை எண்ணிப் பாருங்கள், மேலே சொன்ன மாதிரி. இரண்டு பக்கத்தில் எழுதுங்கள்: எண்ணிக்கை, ஒரு வரைபடம், மூன்று புகைப்படம், குறைந்த செலவில் ஒரு பரிந்துரை, அதனால் யாருக்கு இடைஞ்சல் என்பது. கடைசியில் சொன்னதை எழுதுபவர்கள் அரிது. நான் தேர்வுக் குழுவில் இருந்தால் அதைத்தான் முதலில் புரட்டுவேன்.

ஏஐ வந்து இந்த வேலையும் போயிடுமா?

எண்ணும் வேலை போகிறது, போகட்டும். கேமரா படத்திலிருந்து வண்டிகளை வகை பிரித்து எண்ணும் நிரல்கள் நன்றாகவே வேலை செய்கின்றன. விண்ணப்பம் விதிக்குள் இருக்கிறதா என்று சரிபார்ப்பதும் பெரும்பாலும் இயந்திரத்துக்குப் போகும். ஆனாலும் ஒரு முறையாவது போய் நின்று எண்ணுங்கள். உடைந்த வடிகால் மூடியைக் கேமராவிடம் யாரும் கேட்கவில்லை என்றால் அது சொல்லாது.

போட்ட திட்டமெல்லாம் அலமாரியில தூங்குதே, வெறுத்துப் போகாதா?

பாதி தூங்கும். சில திட்டங்கள் தூங்குவதே நல்லது. எழுப்ப வேண்டியதை எழுப்பும் வழி, அதைச் சிறு துண்டுகளாக்கி வைத்திருப்பது. நிதியாண்டு முடிவில் செலவாகாத தொகை ஏதாவது ஒரு தலைப்பில் மிச்சமிருக்கும். அந்த வாரத்தில் வரைபடமும் மதிப்பீடும் தயாராக வைத்திருக்கும் பிரிவுக்கு அது போகும். பெயின்ட்டும் பிளாஸ்டிக் தூண்களும் வைத்து ஒரு மூலையை மூன்று மாதம் சோதித்துப் பார்ப்பதும் உதவும். மக்களுக்குப் பிடித்தால் கான்கிரீட், பிடிக்காவிட்டால் ஒரே இரவில் எடுத்துவிடலாம்.

சொந்த ஊர்லயே இந்த வேலை பார்க்கலாமா? எல்லாரும் தெரிஞ்சவங்களாச்சே.

பார்க்கலாம், ஊர் தெரிந்திருப்பது பெரிய பலம். மழைக்கு எந்தத் தெருவில் தண்ணீர் நிற்கும் என்பது எந்த வரைபடத்திலும் இருக்காது, உங்களுக்குத் தெரியும். சிக்கல் வருவது புதிய சாலையின் கோடு உங்கள் சித்தப்பா நிலத்தின் மேலேயோ, அதைவிட மோசமாக, அதற்குப் பக்கத்திலேயோ போகும்போது. மேலே போனால் நிலம் போகும், பக்கத்தில் போனால் விலை ஏறும். இரண்டாவதைத்தான் ஊர் பேசும்.

வேலையில் சேரும் நாளிலேயே உங்கள் குடும்பத்துக்கு ஊர் எல்லைக்குள் என்னென்ன நிலம் இருக்கிறது என்று எழுதிக் கொடுத்துவிடுங்கள், யாரும் கேட்காவிட்டாலும். அந்த நிலம் தொட்ட கோப்பு வந்தால், எழுத்தில் விலகி வேறொருவரிடம் ஒப்படையுங்கள். அதன் பிறகு வீட்டில் யார் கேட்டாலும் அந்தக் கோப்பு எங்கே இருக்கிறது என்றுகூடச் சொல்லாதீர்கள். கல்யாண வீட்டில் உங்களைத் தனியாகக் கூப்பிட்டுப் பேசுபவர்களிடம், அலுவலகத்துக்கு மனுவாகக் கொண்டு வாருங்கள் என்று சிரித்துக்கொண்டே சொல்லப் பழகுங்கள். முதல் ஒன்றிரண்டு ஆண்டு தலைக்கனம் பிடித்தவர் என்பார்கள். அப்புறம் கூப்பிடுவதை நிறுத்திவிடுவார்கள்.